பொன்வண்டு வந்தாச்சு! (ஃப்ரேம் கடைச் சண்டையும் உண்டு)

வணக்கம்ங்க. வந்துவிட்டது! கொஞ்சம் இருங்க, இந்தக் கேமரா ஃபோகஸ் எடுக்கட்டும். ம், இப்போது தெரிகிறதா? பொன்வண்டு! நிஜ வண்டு இல்லைங்க, ஸ்கிரீன்பிரிண்ட். சட்டத்தில் கட்டிய வலை, அதுதான் மெஷ், அதன் வழியாக ஒவ்வொரு கலராகக் கையால் இங்க்கை இழுத்துக் காகிதத்தில் அடித்த படம். போன வீடியோ கடைசியில் "திருப்பூர்த் தம்பி ஒருத்தர் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறார், என்ன என்று சொல்ல மாட்டேன்" என்று ஓடினேனே, அதுதான் இது. மொத்தம் 60 காப்பி, என்னுடையது 14. இடது ஓரத்தில் 14/60 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது பாருங்க. பென்சில் அழுத்திய இடத்தில் காகிதம் லேசாகப் பள்ளமாகி இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். மெஷினில் அடித்த கையெழுத்தில் அது வரவே வராது.

வலது ஓரத்தில் பேர் இருக்க வேண்டும். இல்லை. ஆறு காலோடு ஒரு சின்னக் கிறுக்கல் மட்டும்தான். பேரைச் சொல்லக் கூடாது என்று என்னிடமும் கேட்டுக்கொண்டார், அதனால் கமென்டில் கேட்காதீர்கள். பனியன் பிரிண்டிங் யூனிட்டில் வேலை. வாரம் முழுக்க எக்ஸ்போர்ட் ஆர்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதலாளி டேபிளை விட்டுக்கொடுக்கிறார். முதலில் இதே வண்டை மலிவான நியூஸ்பிரின்டில் ஓட்டி, நொய்யல் பாலத்துக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார். சீக்கிரமே அதன் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறிவிட்டது. வண்டின் பின்பக்கக் கால் இரண்டும் அந்தப் பெரியவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு இருந்ததாம். நம்ம ஊரில் ஸ்ட்ரீட் ஆர்ட் போட்டி போடுவது யாரோடு என்று இப்போது புரிகிறதா? உக்கடம் ஆர்ட் ஸ்ட்ரீட் வீடியோவில் நான் காட்டியது எல்லாம் அனுமதி வாங்கி, சாரம் கட்டி, மாடி உயரத்துக்கு வரைந்தது. அதன் மேல் யாரும் பூப்புனித நீராட்டு விழா ஒட்ட மாட்டார்கள். இது வேறு ஜாதி.

சரி, படத்துக்கு வருவோம். ஃப்ரேம் கதையை அப்புறம் சொல்கிறேன். அதை முதலில் எடுத்தால் வீடியோ முழுக்கத் திட்டிக்கொண்டே இருப்பேன்.

வண்டு ஒரு முழ நீளம். முதுகின் மேல் ஓடு இரண்டும் மூடியிருக்கின்றன. நிஜப் பொன்வண்டின் முதுகில் பொடிப்பொடியாகக் குழி இருக்கும், தீப்பெட்டிக்குள் வேலந்தழை போட்டு வளர்த்தவர்களுக்குத் தெரியும். தூரத்தில் இருந்து பார்த்தால் இதிலும் அந்தக் குழிகள்தான். கிட்டே வாங்க... இன்னும் கிட்டே... அத்தனையும் வாஷ் கேர் குறிகள்! பனியனுக்குள் தைத்திருக்கும் லேபிளில் போடுவார்களே, தொட்டிக்குள் கை, குறுக்கே கோடு போட்ட முக்கோணம், இஸ்திரிப் பெட்டி, வட்டம். நூற்றுக்கணக்கில். பொன்வண்டுக்கு ப்ளீச் போடாதே என்கிறது. பார்த்தவுடன் சிரித்துவிட்டேன். திருப்பூர்க்காரனைத் தவிர யாருக்கு இது தோன்றும்?

அடுத்து நிறம். இங்கேதான் நான் விழுந்துவிட்டேன். பொன்வண்டின் பச்சை சாயமே இல்லைங்க. ஓட்டில் மெல்லிய அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஒன்றோடொன்று சேரும்போது பச்சை மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. வண்டு செத்துப் பல வருஷம் ஆனாலும் நிறம் போகாததற்கு அதுதான் காரணம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்தார்களே, பூச்சி அருங்காட்சியகம், அந்த வீடியோவில் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகராமல் நின்று உங்களை எல்லாம் போரடித்தேன். பெல்ஜியத்தில் யான் ஃபாப்ர் என்று ஓர் ஆர்டிஸ்ட், 2002-இல் பிரஸ்ஸல்ஸ் அரண்மனையில் கண்ணாடி மண்டபத்துக் கூரையில் இந்த வகை வண்டின் ஓடுகளையே ஒட்டிவிட்டார். பத்து லட்சத்துக்கும் மேல். அப்படிச் செய்தால் நிறம் வராமல் என்ன செய்யும்?

இங்க்கில் கொண்டுவருவதுதான் வித்தை. தம்பி முதலில் கோல்டு அடித்திருக்கிறார். மெட்டாலிக் இங்க்கில் துகள் பெரிசு, நெருக்கமான மெஷ்ஷில் அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த ஸ்கிரீனுக்கு மட்டும் கண் பெரிசான மெஷ். அதன் மேல் டிரான்ஸ்பரன்ட் பச்சை, ஓரங்களில் நீலம், கடைசியில் கறுப்பு. நான்கு ஸ்கிரீன். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்த இழுப்பு. இப்போது இதை ஜன்னல் பக்கம் சாய்க்கிறேன், பாருங்க. பச்சை... இப்போது பொன்... இப்போது ஓரத்தில் நீலம். கேமராவில் பாதிதான் தெரிகிறது, நம்புங்க.

பனியனுக்கு அடிக்கிற பிளாஸ்டிசால் இங்க்கையே போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "அக்கா, அதுக்கு 160 டிகிரி சூடு காட்டணுங்க. இல்லீன்னா எத்தனை நாள் ஆனாலும் ஈரமாத்தான் இருக்கும். சூடு காட்டுனா பேப்பர் வளைஞ்சுக்கும்" என்றார். சும்மா போகிற போக்கில் சொல்கிறார். இதையே லண்டன் கேலரிக்காரன் சொன்னால் பிரிண்டோடு சேர்த்து ஒரு புத்தகமாகப் போட்டு விற்பான்.

இப்போது இடது உணர்கொம்பைப் பாருங்க. தெரிகிறதா? நீலம் ஒரு மயிரிழை விலகி, கறுப்புக் கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காருவது, நழுவியிருக்கிறது. தம்பி இதை 60-இல் சேர்க்கவே இல்லை, தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். "இது செகண்ட்ஸ்ங்க, காதர்பேட்டைக்குத்தான் போகணும்" என்றார். திருப்பூரில் செகண்ட்ஸ் பனியன் விற்கிற இடம் அது. நான் விடவில்லை. எனக்கு இதுதான் வேண்டும், இதற்கே நம்பர் போடுங்க என்று உட்கார்ந்துவிட்டேன். வாதாடி வாதாடி 14 வாங்கிவிட்டேன். பையர் இன்ஸ்பெக்ஷனில் தள்ளிவிடுகிற நழுவல்தான் இங்கே கை பட்டதற்குச் சாட்சி. அந்த நழுவல் இருப்பதால் வண்டு கொம்பை ஆட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. மற்ற 59-இலும் வண்டு சும்மா நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. வெளிநாட்டில் லிமிடெட் எடிஷன் முடிந்ததும் ஸ்கிரீனை அழித்துவிட்டோம் என்று தனியாக வீடியோ எடுத்துப் போடுவார்கள். இனிமேல் அடிக்க முடியாது, அதனால் விலை ஏறும் என்று காட்டுவதற்கு. தம்பியிடம் ஸ்கிரீனை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "திங்கக்கிழமை லோடு இருந்துச்சு, வாஷ் பண்ணி ஃபுட்பால் டீ-ஷர்ட்டுக்கு எக்ஸ்போஸ் பண்ணியாச்சு" என்கிறார். அதாவது அதே ஸ்கிரீனில் வேறு படம் ஏற்றியாச்சு. முடிந்தது கதை.

சரி, இப்போது ஸ்ட்ரீட் ஆர்ட் பிரிண்டுகளில் வருகிற பட்டாம்பூச்சி. பழைய ஆட்களுக்கு என் கருத்து தெரியும். புதிதாக வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கறுப்பு வெள்ளையில் ஒரு குழந்தை, கையில் கலர் கலராகப் பட்டாம்பூச்சி, பின்னால் பெயின்ட் வழிகிற எழுத்து. போதும்ங்க! அதுவும் முக்கால்வாசி ஜிக்லே. ஜிக்லே என்றால் நல்ல இங்க்ஜெட், அவ்வளவுதான். இங்க்ஜெட் தப்பில்லை. ஆனால் 50 காப்பி லிமிடெட் என்று விற்றுவிட்டு, அதே படத்தை ரோஸில் ஒரு 50, நீலத்தில் ஒரு 50, தங்கத்தாள் ஒட்டி ஒரு 50 என்று இறக்குகிறார்களே, அது என்ன லிமிட்? இந்தப் பட்டாம்பூச்சி வெறி பரவியதில் பிரிட்டிஷ் ஆர்டிஸ்ட் டேமியன் ஹர்ஸ்டுக்கும் பங்கு உண்டு. அவர் தெருவில் வரைகிறவர் இல்லை, ஆனால் அவர் படங்களில் ஒட்டிய பட்டாம்பூச்சிச் சிறகுகளைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஆரம்பித்தார்கள். 2012-இல் லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்தில் அவர் உயிரோடு பறக்கவிட்ட அறையில் சுமார் 9,000 பட்டாம்பூச்சி செத்ததாகச் செய்தி வந்தது. எனக்கு ஆகாது.

இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு. ஒன்று ஆண்டி வார்ஹோல், அமெரிக்க பாப் ஆர்ட்காரர். 1983-இல் அழிந்துவருகிற உயிரினங்கள் என்று பத்து ஸ்கிரீன்பிரிண்ட் போட்டார், யானை, பாண்டா, வரிக்குதிரை எல்லாம். 150 செட். அந்தப் பெரிய மிருகங்களுக்கு நடுவில் ஒரே ஒரு பூச்சி, சான் பிரான்சிஸ்கோ சில்வர்ஸ்பாட் பட்டாம்பூச்சி, யானைக்குக் கொடுத்த அதே அளவு காகிதத்தில். அந்தத் தைரியம் பிடிக்கும். இன்னொருவர் மான்ட்ரா, பிரெஞ்சுக்காரர். ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுவதையும் மரப்பெட்டியில் குத்தி வைத்த பட்டாம்பூச்சி ஸ்பெசிமனாக மாற்றிவிடுவார், நிழல் உட்பட. நம் தமிழ் மறவனை, அதுதான் 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சி ஆனதே, அவர் ஒரு சுவரில் வரைந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வண்டு என்று வந்தால் பேங்க்ஸிதான், முகம் காட்டாத பிரிட்டிஷ் ஸ்ட்ரீட் ஆர்டிஸ்ட். 2005 மார்ச்சில் நியூயார்க்கில் நான்கு மியூசியத்துக்குள் தன் படைப்பைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய் வைத்தாரே, அதில் இயற்கை வரலாற்று மியூசியத்தில் வைத்தது ஒரு வண்டு. நிஜ வண்டு, அதன் மேல் ஏர்ஃபிக்ஸ் பொம்மை போர் விமானத்தின் இறக்கை, அடியில் ஏவுகணை, கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் மியூசியம் வைக்கிற தோரணையிலேயே ஒரு லேபிள். எலி, குரங்கு, பலூன் என்று அவர் பிரிண்டுகளை வரிசைப்படுத்துகிறவர்கள் இந்த வண்டை விட்டுவிடுவார்கள். எனக்கு அவர் செய்ததிலேயே இதுதான் உசத்தி.

ஐயோ, விலையைச் சொல்லவே இல்லை பாருங்க. பிரிண்ட் 1,800 ரூபாய். பேரம் பேசவில்லை. ஆமாம், நான்தான், பேசவில்லை! நாலு கலர், கையால் இழுத்தது, அதற்கும் குறைத்துக் கேட்டால் வாய் அழுகிவிடும்.

இப்போது ஃப்ரேம். கடை பேர் சொல்ல மாட்டேன், கோவையில்தான். காகிதத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன், அதைச் சொன்னால்தான் இது புரியும். இது பருத்திக் காகிதம், கையால் செய்தது, பனியன் கட்டிங் வேஸ்ட்டை ஊறவைத்து அரைத்து ஊற்றியது. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம். நாலு ஓரமும் வெட்டாமல் பிசிறோடு, அலையலையாக இருக்கும். அந்தப் பிசிறுக்காகவே இந்தக் காகிதத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார். திருப்பூர் பனியன் துண்டு காகிதமாகித் திருப்பூருக்கே திரும்பி, அதன் மேல் பனியன் லேபிள் போட்ட வண்டு ஏறியிருக்கிறது. ஃப்ரேம் கடை அண்ணன் கையில் எடுத்தார், முன்னும் பின்னும் பார்த்தார், "ஏனுங்மா, ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்குது, நீட்டா கட் பண்ணிடலாங்களா?" என்று கட்டரை எடுத்துவிட்டார்! நான் கத்தின கத்தலில் பக்கத்தில் சாமி படம் மாட்ட வந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு விட்டாரா? சுற்றிலும் மவுன்ட் அட்டை வைத்து நம்பரை மறைத்துவிடலாம் என்றார், "பென்சில்ல என்னமோ கிறுக்கியிருக்குது" என்று. அப்புறம் லேமினேஷன். லேமினேஷன்! என்னிடம்! இங்க் கண்ணாடியில் ஒட்டக் கூடாது, நடுவில் இடைவெளி வேண்டும் என்று நான் சொன்னால், "அப்ப உள்ளே தூசி போகுமே" என்கிறார். ஓரத்தில் ஸ்பேசர் வைத்துப் பின்னால் டேப் அடைத்தால் எப்படிங்க தூசி போகும்? பின்பக்கம் ஹார்ட்போர்டு வேண்டாம், அமிலம் ஏறிச் சில வருஷத்தில் பேப்பர் பழுப்பாகிவிடும் என்று சொல்லி ஆசிட்-ஃப்ரீ போர்டை நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். 3,400 சொன்னார். போர்டு என்னுடையது, லேமினேஷன் இல்லை, கட்டிங் இல்லை, நீங்கள் செய்யாத வேலைக்கு எல்லாம் கழியுங்க என்று கணக்குப் போட்டு 2,900-க்கு இறக்கினேன். படத்தை விட ஃப்ரேம் விலை அதிகம் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்த வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

ஆனால் ஒன்று, அண்ணன் மூலை சேர்த்த அழகு இருக்கிறதே, நகம் கூட நுழையாது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அடுத்த பிரிண்டுக்குத் தம்பியிடம் நான் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதலில் கண்டுபிடித்தார்களே, அதேதான். தென்னை ஓலையைத் திருப்பிப் பாருங்க, அடியில் வெள்ளை மெழுகில் சுருள் சுருளாக முட்டையிட்டிருக்கும். என்ன டிசைன் தெரியுமா! கீழ் ஓலையில் கரும்பூசணம் படிந்து கன்னங்கரேலென்று கிடக்கும், அதுவே கறுப்புக் காகிதம். கறுப்பில் வெள்ளை இங்க் ஒரே இழுப்பில் நிற்காது, இரண்டு தடவை இழுக்க வேண்டும். தம்பி யோசித்தார், தலையைச் சொறிந்தார், "அக்கா, எங்க மாமன் தோப்பே அதுல போச்சுங்க. அதைப் போய் படமா மாட்டுனா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க" என்றார். நான் விடுவேனா? போன வாரமே மாமன் தோப்பில் ஓலை வெட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுக்க வைத்துவிட்டேன். இந்தத் தடவை 40 காப்பிதான், அதில் நழுவினது எதுவோ அது எனக்கு என்று இப்போதே சொல்லிவைத்தாச்சு. யாரும் போட்டிக்கு வராதீங்க.