கிட்டார் பட்டறைக்கு ஜாயிண்டர்: நீளத்துக்குக் காசு கொடுக்காதீங்க

வணக்கம் மக்களே. கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வர்றேன், இந்த ரெண்டு மஹோகனி பலகையைப் பாருங்க. ரெண்டும் 45 எம்எம் கனம், 180 எம்எம் அகலம், 500 எம்எம் நீளம். எலெக்ட்ரிக் கிட்டார் பாடிக்கு இதை ரெண்டையும் பக்கவாட்டுல சேர்த்து ஒட்டணும். இப்ப விளிம்போட விளிம்பு சேர்த்துப் பிடிச்சு பின்னாடி டார்ச் அடிக்கிறேன். ரெண்டு முனையும் கருப்பா இருக்கு, நடுவுல மட்டும் மெல்லிசா வெளிச்சம் கசியுது, தெரியுதா? அந்த இடுக்குல 0.1 எம்எம் ஃபீலர் கேஜ், அதாவது இடுக்கை அளக்குற மெல்லிசான தகடு, உள்ள போகுது. இந்த விளிம்பை எடுத்தது ஜாயிண்டர்ல. முன் மேஜையில இருந்து பின் மேஜைக்கு மரத்தைத் தள்ளினா, நடுவுல சுத்துற கத்தி (கட்டர்) அடிப்பக்கத்தைச் சீவி நேராக்குற மிஷின் அது. இடுக்கு ஏன் வந்துச்சுன்னு கொஞ்ச நேரத்துல பார்ப்போம்.

"கிளாம்ப் போட்டு இறுக்கினா மூடிடுமே"ன்னு கேப்பீங்க. மூடும். மேஜைப் பலகை ஒட்டுறவங்க நடுவுல இப்படி ஒரு பொடி இடுக்கை வேணும்னே கூட விடுவாங்க. ஆனா கிட்டார்ல ஒட்டினதுக்கு அப்புறம் பிக்கப் குழி எடுக்குறோம், கழுத்து உக்கார்ற குழி எடுக்குறோம். நடு இணைப்புல பாதி மரம் போயிடுது. இறுக்கி மூடின மரம் பழையபடி விலகப் பார்க்கும், மிச்சம் இருக்குற கொஞ்ச இடம் அந்த இழுப்பைத் தாங்கிக்கிட்டு நிக்கணும். பளபளன்னு பாலிஷ் போட்ட பாடியில அந்தக் கோடு ஒருநாள் வெளிய வந்துடும்.

சரி, மிஷினுக்கு வருவோம். கடைக்குப் போனா முதல்ல பெட் நீளத்தைத்தான், அதாவது ரெண்டு மேஜையும் சேர்ந்த நீளத்தைத்தான் காட்டுவாங்க. 4 அடி, 5 அடி, 6 அடின்னு. கதவு நிலை, கட்டில் சட்டம் பண்றவங்களுக்கு அது வேணும். நமக்கு? பாடி பலகை 500 எம்எம். கழுத்துக் கட்டை 700, 750 எம்எம். கழுத்தும் பாடியும் ஒரே கட்டையா ஓடுற நெக்-த்ரூ பண்ணினாலும் 1 மீட்டர் பக்கம். மேஜையோட மொத்த நீளத்துல ரெண்டு மடங்கு வரைக்கும் உள்ள பலகையை நேராக்கலாம்ங்கிறது தச்சர்களோட பழைய கணக்கு. 28 அங்குல பெட் இருக்குற சின்ன பெஞ்ச்டாப் ஜாயிண்டர்லயே 1.4 மீட்டர் வரைக்கும் வரும். கிரிஸ்லி ஜி0725 மாதிரி, 6 அங்குல அகலம், 28 அங்குல மேஜை, தூக்கி பெஞ்ச் மேல வெச்சுக்கலாம். நீளம் போதும். நீளத்துக்குக் கொடுக்குற காசை மிச்சம் பிடிங்க.

அகலத்துலதான் சிக்கல். 6 அங்குலம்னா 152 எம்எம். இந்தப் பலகை 180, முகம் (அகலமான பக்கம்) போட்டா உள்ளயே போகாது. 8 அங்குலத்துக்குப் போனா விலை எகிறும். அங்க ஒரு குறுக்கு வழி இருக்கு. உங்ககிட்ட 12, 13 அங்குல திக்னஸ் பிளேனர், அதாவது பலகையை மேல இருந்து சீவி ஒரே கனமாக்குற மிஷின், இருந்தா முகத்தை அதுலயே எடுத்துடலாம். 18 எம்எம் பிளைவுட்ல 250 அகலம், 700 நீளத்துக்கு ஒரு தட்டு. பலகையை அது மேல வெச்சுப் பாருங்க, முறுக்கு இருந்தா ரெண்டு எதிர் மூலை ஆடும். ஆடுற மூலைக்கு அடியில மெல்லிசா ஆப்பு செருகி ஹாட் குளூ விட்டுடுங்க. தட்டோட முனையில ஒரு சின்னக் கட்டை அடிங்க, பலகை வழுக்காது. அப்படியே பிளேனர்ல விட்டா மேல் முகம் சமமாயிடும். அப்புறம் தட்டை எடுத்துட்டுத் திருப்பிப் போட்டா அடுத்த முகம். ஜாயிண்டருக்கு விளிம்பு வேலை மட்டும்தான் மிச்சம். அதுக்கு 6 அங்குலம் தாராளம். ரெண்டுல ஒண்ணு மட்டும் வாங்கக் காசு இருக்குன்னா, என்னைக் கேட்டா பிளேனரை முதல்ல வாங்கச் சொல்லுவேன். விளிம்புக்கு வேற வழி இருக்கு, சொல்றேன்.

கடையில மிஷினைப் பார்க்கப் போறப்ப பையில மூணு சாமான் இருக்கணும். 600 எம்எம் ஸ்டீல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (துல்லியமா நேரா இருக்குற பட்டை), ஃபீலர் கேஜ், ஒரு நல்ல மூலமட்டம். முன் மேஜையைப் பின் மேஜையோட ஒரே மட்டத்துக்கு ஏத்திட்டு, ஸ்ட்ரெயிட் எட்ஜை ரெண்டு மேல நீளவாக்குல வைங்க. இடது ஓரம், நடு, வலது ஓரம், அப்புறம் ரெண்டு மூலைவிட்டம். ஃபீலர் கேஜோட 0.05 எம்எம் தகடு எங்கயும் நுழையலைன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம். 0.1 நுழைஞ்சா பேரம் பேசலாம். 0.2 போச்சுன்னா வேற மிஷின் பாருங்க. குறிப்பா அலுமினிய பெட்டா இருந்தா விட்டுடுங்க. வார்ப்பிரும்பு மிஷின்ல மேஜை ஏறி இறங்குற சரிவுத் தடத்துக்கு நடுவுல பித்தளைத் தகடு வெச்சு மேஜையைத் தூக்கலாம், அலுமினியத்துல பெரும்பாலும் அதுக்கு இடமே விட்டிருக்க மாட்டாங்க.

இப்ப அந்த வெளிச்சத்துக்கு வர்றேன். ரெண்டு மேஜையும் வெளி முனையில தொங்கி, கட்டர் பக்கம் மேடா இருந்தா, கூரை மாதிரி, பலகை அந்த மேட்டைக் கட்டிப்பிடிச்ச மாதிரி போகும். விளிம்பு உள்வாங்கி, நடுவுல இடுக்கு வரும். நம்ம பலகையில இருக்குறது அதேதான். இழுத்து நீட்டுற எக்ஸ்டென்ஷன் இருக்குற சின்ன மிஷின்ல இது ரொம்ப சகஜம், பலகையோட பாரத்துக்கே அந்த நீட்டல் தொங்கும். நம்ம நீளத்துக்கு அது தேவையே இல்ல, உள்ள தள்ளி வெச்சுடுங்க. இதுக்கு நேர்மாறா மேஜை ரெண்டும் கட்டர் பக்கம் பள்ளமா இருந்தா விளிம்பு நடுவுல புடைச்சு, முனைகள் விலகி நிக்கும். ரெண்டுல இதுதான் மோசம். ஏன்னா மரம் ஈரத்தை இழுக்குறதும் விடுறதும் முனை வழியாத்தான் அதிகம், இணைப்பு பிளக்க ஆரம்பிக்கிறதும் அங்கதான்.

ரெண்டு பலகையைச் சேர்த்துப் பார்க்குறதுல ஒரு வசதி இருக்கு. தப்பு ரெண்டு மடங்காத் தெரியும். இங்க 0.1 இடுக்குன்னா மிஷினோட தப்பு 0.05தான்.

அடுத்து கத்தி உயரம். சின்ன மிஷின் நிறையத்துல பின் மேஜை அசையாது, கத்தியைத்தான் அதுக்கு ஏத்த மாதிரி வைக்கணும். பிளக்கைப் பிடுங்கிடுங்க, ஸ்விட்சை அணைச்சா மட்டும் போதாது. பின் மேஜை மேல ஒரு நேரான மரக்குச்சியைக் கட்டருக்கு மேல நீட்டி வெச்சு, மேஜை விளிம்புக்கு நேரா குச்சியில பென்சில் கோடு போடுங்க. கட்டரைக் கையால சுத்துங்க. இதோ, கத்தி குச்சியைத் தொட்டு முன்னாடி இழுத்துட்டுப் போகுது. மறுபடி கோடு போடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 3 எம்எம் இருந்தா, 48 எம்எம் விட்டம் உள்ள கட்டர்ல கத்தி மேஜையை விட 0.05 எம்எம் உசரமா இருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு கத்திக்கும், ரெண்டு ஓரத்துலயும் இழுப்பு ஒரே அளவா வரணும். பின் மேஜை கத்தியை விடத் தாழ்ந்துட்டா, பலகை முன் மேஜையை விட்டுக் கழலுற நேரத்துல விழும், கடைசி 40, 50 எம்எம்ல பள்ளம் வெட்டும். உயர்ந்துட்டா பலகை முனை மேஜையில போய் முட்டும், இல்லன்னா போகப்போக வெட்டு குறைஞ்சுக்கிட்டே வரும். எதுக்கும் பலகையில 40 எம்எம் கூடுதல் நீளம் விட்டு வைங்க.

ஃபென்ஸ், அதாவது பலகையைச் சாத்தித் தள்ளுற பக்கத் தடுப்பு, 90 டிகிரியில இருக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. அரை டிகிரி தப்பினா என்ன ஆகும்? 45 எம்எம் கனத்துல 0.4 எம்எம். ரெண்டு பலகையிலயும் ஒரே பக்கம் தப்பினா 0.8. அவ்வளவும் இடுக்கு. மெல்லிசான ஃபென்ஸ் கையை வெச்சு அழுத்தினாலே அரை டிகிரி சாயும், கடையில அழுத்திப் பாருங்க. தப்பிக்க வழி: ஒட்டினா மேல வரப்போற முகத்துல ரெண்டு பலகைக்கும் சாக்பீஸ் குறி போடுங்க. ஒரு பலகையைக் குறி ஃபென்ஸைப் பார்த்த மாதிரி ஓட்டுங்க, இன்னொண்ணைக் குறி வெளிய பார்த்த மாதிரி ஓட்டுங்க. ஒண்ணு 89.5, இன்னொண்ணு 90.5, சேர்த்தா 180. ஆனா ஒண்ணு நாரை எதிர்த்துப் போகலாம். அதனால கடைசி ஓட்டத்துல 0.2 எம்எம் மட்டும் எடுங்க, மெதுவாத் தள்ளுங்க. மத்த ஓட்டமெல்லாம் அரை எம்எம்.

கட்டர்ல நீளக் கத்தியா, இல்ல சின்னச் சின்னத் துண்டுகளைச் சுருளா அடுக்கின ஸ்பைரலா? விளம்பரத்துல நிமிஷத்துக்கு எத்தனை வெட்டுன்னு பெரிசாப் போடுவாங்க. 10,000 ஆர்பிஎம்ல ரெண்டு கத்தி, நிமிஷத்துக்கு 3 மீட்டர் வேகத்துல தள்ளினா 0.15 எம்எம்முக்கு ஒரு வெட்டு. கேக்க நல்லா இருக்கு. ஆனா ஒரு கத்தி மத்ததை விட 0.05 தூக்கி இருந்தா, முகத்தை முடிக்கிறது அந்த ஒரு கத்தி மட்டும்தான், கணக்கு 0.3க்குப் போயிடும். அலையோடுற மேப்பிள், ஈட்டி, கருங்காலின்னு வேலை செஞ்சா கார்பைடு ஸ்பைரலுக்குக் கூடுதலாக் கொடுக்குறது நியாயம். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கத்தி கருங்காலியில சீக்கிரம் மழுங்கும். கார்பைடு துண்டுக்கு நாலு முனை, மழுங்கினா திருப்பிப் போடலாம். திருப்புறப்ப அடியில ஒரு தூசி உக்காந்தாலும் அந்தத் துண்டு மட்டும் தூக்கி நின்னு, பலகை முழுக்கக் கீறல் மாதிரி கோடு விழும். பிரஷ் வெச்சு சுத்தம் பண்ணிட்டு மாட்டுங்க. மஹோகனி மட்டும்தான்னா சாதா கத்தியே போதும்.

நம்ம ஊர்ல கிடைக்குற வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேனர் பத்தி. பேர்தான் வேற, இதுவும் ஜாயிண்டர்தான். கனம், நீளம், அதிர்வு கம்மி, விலையும் பரவாயில்ல. விலை சொல்றப்ப மோட்டார், ஸ்டார்ட்டர், பெல்ட் மூடி சேர்த்தான்னு கேளுங்க, பல இடத்துல மோட்டார் தனி.  பழைய மிஷின் வாங்கினா மூடியைக் கழட்டி கட்டர் பிளாக்கை, அதாவது கத்தி மாட்டியிருக்குற கட்டையைப் பாருங்க. உருண்டையா இருக்கணும். சதுரமா இருந்தா எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம். சதுரக் கட்டை சுத்துறப்ப தட்டைப் பக்கத்துக்கும் மேஜைக்கும் நடுவுல பெரிய பள்ளம் வாயைத் திறக்கும், விரல் அதுக்குள்ள ஆழமாப் போயிடும். பிரிட்டன்ல கையால தள்ளுற மிஷின்ல உருண்டை பிளாக்தான் இருக்கணும்னு 1922லயே விதி போட்டுட்டாங்க.

அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்ற மிஷின் 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். அதுல இண்டக்‌ஷன் மோட்டார்னா 60 ஹெர்ட்ஸ்க்குச் செஞ்சது, இங்க 50ல ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான் ஓடும், சூடும் ஏறும். கார்பன் பிரஷ் மோட்டாருக்கு அந்தப் பிரச்சனை இல்ல, சத்தம்தான் காதைப் பிளக்கும்.

82 எம்எம் கை பிளேனரைக் கவுத்து வெச்சு ஜாயிண்டர் ஆக்கலாமான்னா, பாடி விளிம்புக்கு வேண்டாம். அடிப்பகுதி மொத்தமே ஒரு அடிக்குள்ள, 500 எம்எம் பலகை அதுல நேரா வராது.

விளிம்புக்கு வேற வழி இருக்குன்னு சொன்னேனே, அது ரவுட்டர் டேபிள், சுத்துற பிட் மேல நீட்டிக்கிட்டு நிக்கிற மேஜை. ஜாயிண்டரை விட மலிவு, துல்லியமும் கூட. ஃபென்ஸுக்கு ரெண்டு எம்டிஎஃப் துண்டு. பலகை வெளிய வர்ற பக்கத் துண்டுல மட்டும் 1 எம்எம் சன்மைக்கா ஒட்டுங்க. 12 எம்எம் ஷாங்க் (பிட்டோட தண்டு), 50 எம்எம் வெட்டு நீளம் உள்ள ஸ்ட்ரெயிட் பிட் போட்டு, பிட்டோட வெட்டு முனை சன்மைக்கா முகத்தோட சமமா வர்ற மாதிரி ஃபென்ஸை நகர்த்துங்க. ஸ்ட்ரெயிட் எட்ஜை சன்மைக்கா மேல சாத்தி பிட்டைக் கையால சுத்தினா லேசா உரசணும், தள்ளக் கூடாது. முடிஞ்சுது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 எம்எம் எடுக்குற ஜாயிண்டர், படுக்க வெச்ச மாதிரி. கடின மரத்துக்கு 1 எம்எம் அதிகம்னா 0.8 சன்மைக்கா ஒட்டுங்க.

கடைசியா அகூஸ்டிக் பண்றவங்களுக்கு. 4 எம்எம் ஸ்ப்ரூஸ் டாப்பை (கிட்டாரோட மேல் பலகை) எந்த ஜாயிண்டர்லயும் ஓட்டாதீங்க. துடிக்கும், முனை பிஞ்சு பறக்கும், கை கட்டருக்கு ரொம்பக் கிட்ட போகும். ஃபிங்கர்போர்டும் அப்படித்தான், 6, 7 எம்எம் கனத்தை முகம் போட்டுத் தள்ளக் கூடாது. 300 எம்எம்முக்குக் குட்டையான எந்தத் துண்டும் மிஷினுக்குக் கிடையாது. டாப்புக்கு இழைப்புளிதான். ரெண்டு பாதியையும் புத்தகம் மாதிரி மடிச்சு, ரெண்டு எம்டிஎஃப் நடுவுல கிளாம்ப் பண்ணி, விளிம்பு 1 எம்எம் வெளிய தெரியட்டும். 18 அங்குல 6ம் நம்பரோ 22 அங்குல 7ம் நம்பரோ இழைப்புளியைப் பக்கவாட்டுல படுக்க வெச்சு ஷூட்டிங் போர்டுல, அதாவது விளிம்பைச் சீவ வழிகாட்டுற தட்டுல, ஓட்டுங்க. ரெண்டையும் ஒண்ணாச் சீவுறதால கோணத் தப்பு தானா அடிபட்டுப் போகும். ஆரம்பத்துல துண்டு துண்டா வர்ற சுருள், முனையில இருந்து முனை வரைக்கும் அறாம வர்றப்ப நிறுத்திடுங்க. இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தா நல்லா வரும்னு தோணும், இழுத்தா முனைகள் தேயும்.

டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிச்சம் இல்லன்னா அன்னைக்கே ஒட்டிடுங்க. மழைக்காலத்துல இன்னைக்கு இழைச்ச விளிம்பு நாளைக்குக் காலையில அதே விளிம்பா இருக்காது.