அணுமின் நிலையம் குண்டுக்கு வழியா, பூட்டா?

நண்பர்களே, வணக்கம். அணுமின் நிலையங்கள் பெருகினால் அணுகுண்டும் பரவுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பரவும் என்பவர்களும் சரி, பரவாது என்பவர்களும் சரி, உலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எரிபொருள் தயாராகும்போது யுரேனியத்தின் வீரியத்தைக் கூட்டும் செறிவூட்டல் ஆலையையும், எரிந்து முடிந்த பிறகு அதிலிருந்து குண்டுக்கு உதவும் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் மறுசுத்திகரிப்பு ஆலையையும் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நம் கதையையே எடுத்துக்கொள்வோம். 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்ததற்குப் புளூட்டோனியம் எங்கிருந்து வந்தது? தாராப்பூர் மின் நிலையத்திலிருந்து இல்லை. டிராம்பேயில் கனடா கொடுத்த சைரஸ் என்ற ஆராய்ச்சி உலையிலிருந்து வந்தது; அது ஓடத் தேவையான கனநீரை அமெரிக்கா கொடுத்தது. அந்த உலை ஒரு பல்பு எரியக்கூட மின்சாரம் தந்ததில்லை. அமைதிப் பணிகளுக்கு மட்டும் என்று 1956-ல் கையெழுத்துப் போட்டு வாங்கினோம், வெடித்ததையும் அமைதிக்கான அணுவெடிப்பு என்றே சொன்னோம். கனடா நம்பவில்லை, உதவியை நிறுத்திவிட்டது. ஆனால் உலை மட்டும் இருந்து என்ன பயன்? எரிந்த எரிபொருள் கோல்களை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலையையும் டிராம்பேயிலேயே 1960-களில் கட்டிவைத்திருந்தார்கள். அதுதான் காரியத்தை முடித்தது.

பாகிஸ்தானும் அப்படித்தான். கராச்சியில் கனடா கட்டிய மின் உலை சர்வதேசக் கண்காணிப்பில் ஓடிக்கொண்டிருக்க, குண்டுக்கான யுரேனியம் கஹூட்டாவின் செறிவூட்டல் ஆலையில் தயாரானது. இஸ்ரேலிலும் வட கொரியாவிலும் இன்றுவரை ஓடும் அணுமின் நிலையமே கிடையாது.

அப்படியானால் மின் நிலையத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, சாக்காக. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளந்து ஆற்றல் தரும் யு-235 என்ற வகை வெறும் 0.7 சதவீதம், பெரும்பாலான மின் உலைகளுக்கு 3 முதல் 5 சதவீதம் போதும், குண்டுக்கு 90 வரை போக வேண்டும். கேட்க ரொம்ப தூரம் மாதிரி இருக்கும், ஆனால் 5 சதவீதத்தை எட்டும்போதே உழைப்பில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது, மீதிக்கும் செறிவூட்டலுக்கு ஓடும் அதே வகை சுழல் எந்திரங்கள்தான். ஈரானின் புஷேர் நிலையத்துக்கு ரஷ்யா எரிபொருள் தருகிறது, எரிந்த கோல்களைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்பந்தமும் இருக்கிறது. அதனால் புஷேரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நதான்ஸில் இருந்த செறிவூட்டல் ஆலைதான் தலைவலியாக இருந்தது. அதற்கு ஈரான் சொல்லும் நியாயம் என்ன? எங்கள் மின் நிலையங்களுக்கு நாங்களே எரிபொருள் செய்யக் கூடாதா என்பது. அமைதிப் பணிகளுக்கு அணுசக்தியைப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்லும், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 4-வது பிரிவைக் காட்டிக் கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. 1970-களில் தென் கொரியா பிரான்சிடம் மறுசுத்திகரிப்பு ஆலை வாங்கப் போனது, மனதில் குண்டு இருந்தது. அதை வாங்கினால் கோரி என்ற ஊரில் இருந்த தன் மின் நிலையத்தின் அடுத்த உலைக்குக் கடன் கிடைக்காது என்று அமெரிக்கா மிரட்டியது, சியோல் பின்வாங்கியது. தைவானிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. வெளியிலிருந்து உலையும் எரிபொருளும் வாங்கி மின்சாரத்துக்கு அதையே நம்பியிருக்கும் நாட்டுக்கு அந்த மின் நிலையமே கால்கட்டு. அந்த வகையில் அது குண்டைத் தடுக்கத்தான் செய்கிறது, தடுப்பவருக்கு மிரட்டும் மனம் இருக்கும்வரை.

தமிழ்நாட்டில் கால்கட்டு உள்ள நிலையம், இல்லாத நிலையம் இரண்டும் இருக்கின்றன. கூடங்குளத்துக்கு ரஷ்ய எரிபொருள், அங்கே சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வருகிறார்கள். நாமே கட்டிய கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும், பக்கத்தில் இருக்கும், எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் ஈனுலையும், அமைதிப் பணி உலைகளையும் மற்றவற்றையும் தனித்தனியாகப் பிரித்த அமெரிக்காவுடனான 2006 பிரிப்புத் திட்டத்தில் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. அங்கே குண்டு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டோம் என்கிறேன். கூடங்குளத்தில் குண்டைத் தேடிக் கோபப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விபத்து, கழிவு பற்றிய கோபம் வேறு, அதில் நியாயம் உண்டு.

இப்போது கவனிக்க வேண்டிய இடம் வளைகுடா. ஐக்கிய அரபு அமீரகம் 2009-ல் செறிவூட்டலும் வேண்டாம், மறுசுத்திகரிப்பும் வேண்டாம் என்று அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பராக்காவில் 4 உலைகள் கட்டியது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: அந்தப் பகுதியில் வேறு நாட்டுக்கு இதைவிடச் சலுகை கொடுத்தால் மறுபடி பேச வருவோம் என்று. சவூதி அரேபியாவோ அப்படி எழுதிக் கொடுக்க வருடக்கணக்கில் மறுத்து வந்தது. ஈரான் குண்டு செய்தால் நாங்களும் செய்வோம் என்று அதன் பட்டத்து இளவரசர் 2018-ல் தொலைக்காட்சியிலேயே சொன்னார். ரியாத்துக்குச் செறிவூட்டலில் விட்டுக்கொடுத்தால் அடுத்த நாளே அபுதாபி தன் தாளை எடுத்துக்கொண்டு வாஷிங்டனில் நிற்கும்.