எல்லேயை ஒரு படமாக வரைய முடியுமா? | ஒலிம்பிக் சின்னங்களும் எங்கள் மாட்டுக்குறியும்

வணக்கம் மக்களே! ஒரு சின்னச் சவால். எல்லே, அதாவது தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற நம்ம இலங்கை விளையாட்டை, ஒரு படமாக வரையுங்கள். எழுத்து கூடாது, முகம் கூடாது, தீப்பெட்டி அளவு இடம்தான். பார்க்கிறவர் உடனே "எல்லே" என்று சொல்லிவிட வேண்டும். வீடியோவை நிறுத்திவிட்டு வரையுங்கள்.

வரைந்தாச்சா? சரி, என் கதையைக் கேளுங்கள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் ஒட்டப் படங்கள் கேட்டார்கள். கபடி வரைந்தேன், "மல்யுத்தமா?" என்றார்கள். எல்லே வரைந்தேன், "பேஸ்போலா?" என்றார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைக்கிற முட்டி உடைத்தல் மட்டும் தப்பியது, பானை காப்பாற்றிவிட்டது. கடைசியில் எல்லாப் படத்துக்கும் கீழே மார்க்கரால் பெயரும் எழுதிவிட்டார்கள். அப்புறம் படம் எதற்கு!

[திரையில்: டோக்கியோ, 1964]

இதே தலைவலி ஒலிம்பிக் நடத்திய டோக்கியோவுக்கும் வந்தது. 93 நாட்டு வீரர்கள் வருகிறார்கள், ஜப்பானிய எழுத்து அவர்களுக்குப் புரியாது. கட்சுமி மசாரு தலைமையில் வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்தார்கள். விளையாட்டுகளுக்கு 20 சின்னங்கள், டொய்லெட், தொலைபேசி போன்ற வசதிகளுக்கு 39. இதற்கு முன் 1948 லண்டனிலும் படங்கள் இருந்தன, ஆனால் ஒரே கை வரைந்ததுபோல் ஒரு முழுத் தொகுதி வந்தது இங்கேதான். வசதிச் சின்னங்களின் உரிமையையும் அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்!

1968 மெக்சிகோ முழு உடலையே விட்டுவிட்டது. குத்துச்சண்டையா? ஒரு கையுறை போதும்.

[திரையில்: மியூனிக், 1972]

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். ஓட்ல் ஐஷர் என்ற ஜெர்மன்காரர் ஒரு கட்டம் போட்டார். கோடு செங்குத்தாகப் போகலாம், படுக்கையாகப் போகலாம், 45 பாகையில் சரியலாம். வேறு திசையே கிடையாது. தலை ஒரு வட்டம், அதுவும் உடம்பில் ஒட்டாமல் தனியே நிற்கும்.

ஏன் ஒட்டவில்லை? இதை எனக்கு விளங்கப்படுத்தியது புத்தகம் இல்லை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாட்டுப் பட்டி வைத்திருக்கிற பெரியப்பா. மட்டக்களப்பில் மாட்டுக்குக் குறி சுடுவது தெரியும்தானே? குடிக்கு, அதாவது தாய்வழிக் குலத்துக்கு, ஒரு குறி. வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், தொலைந்த மாட்டை அந்தக் குறியை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அவர் ஐஷரின் படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் குறிக்கம்பி அடிக்கத் தெரிஞ்சவன் மனே" என்றார். கோடுகளை நெருக்கமாக வைத்தால் சுட்ட புண் ஆறும்போது ஒன்றோடொன்று கூடிவிடுமாம், பிறகு எது என்ன குறி என்றே தெரியாதாம். அதனால் கோடு தடிப்பாக இருக்க வேண்டும், இடைவெளியும் விட வேண்டும். தூரத்தில் இருந்து பார்க்கிற கண்ணுக்கும் இதே கதைதான். நெருங்கிய கோடுகள் கலங்கிவிடும், விட்ட இடைவெளிதான் தலையைத் தலையாகக் காட்டும். ஐஷருக்கு மாடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

பெரியப்பாவுக்காக ஒரு லைக் போடுங்கள், அவருக்குக் காட்ட வேண்டும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். 1992 பார்சிலோனா தூரிகை வீச்சு. 1994 லில்லஹாமர் நோர்வேயின் பழைய பாறைச் செதுக்கல். 2000 சிட்னியில் கை காலெல்லாம் பூமராங். 2021இல் நடந்த டோக்கியோ தொடக்க விழாவில் 50 சின்னங்களையும் மனிதர்களே மேடையில் நடித்துக் காட்டினார்கள், பார்க்காதவர்கள் கட்டாயம் தேடிப் பாருங்கள். நம்ம அறுகம்பைக் கடற்கரைப் பொடியன்களின் சர்ஃபிங்கும் அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முதல் சேர்ந்தது.

2024 பாரிஸ்? மனிதனையே எடுத்துவிட்டு, விளையாட்டுக்கு ஒரு குலச்சின்னம் மாதிரிச் செய்தார்கள். அழகுதான், ஆனால் மைதானத்துக்கு வழி தேடி ஓடுகிறவன் நின்று ரசிக்க வேண்டியிருக்கிறது. எனக்குச் சரிப்படவில்லை. உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.

என் எல்லேக்கு வருவோம். மெக்சிகோ வழியில் ஆளை நீக்கிவிட்டு, தடியையும் பந்தையும் மட்டும் வரைந்து பெரியப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உலக்கை சரி மனே. பக்கத்தில என்ன, தேங்காயா?"