2029 தமிழ்ப் புத்தாண்டு, காலை 5:46: ஆஸ்ட்ரோ டிஷ்ஷுக்குக் குறுக்கே ஒரு பாறை!

[திரையில்: விடியாத வானம், கூரை மேல் டிஷ்]

2029 ஏப்ரல் 14, சனிக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு. அம்மா வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருப்பார், நீங்கள் போர்வைக்குள் இருப்பீர்கள். நம் மலேசிய நேரம் காலை 5:46-ஐ ஒட்டி, பினாங்கின் கொம்தார் கோபுரத்தைவிடப் பெரிய ஒரு பாறை பூமியிலிருந்து 32,000 கிலோமீட்டரில் கடந்து போகும். அது ரொம்ப தூரமாச்சே என்றால், ஒரு நிமிடம்! கூரையில் இருக்கிற அந்த ஆஸ்ட்ரோ டிஷ் அண்ணாந்து பார்க்கும் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாறை அதற்கும் கீழே இறங்கி வருகிறது.

பாறையின் பெயர் அப்போஃபிஸ், ஒரு சிறுகோள். மோதாது. பயப்படுகிறவர்கள் இங்கேயே வீடியோவை நிறுத்திவிட்டு வடை சாப்பிடப் போகலாம். 2004-இல் கண்டுபிடித்த புதிதில் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று கணக்கு வந்து எல்லாரையும் கதிகலங்க வைத்தது, பிறகு 2021-இல் ரேடாரில் அளந்து பார்த்து இன்னும் நூறு வருடத்துக்குத் தொல்லை இல்லை என்று நாசா சொல்லிவிட்டது. வெறுங்கண்ணால் பார்க்கிற யோகம் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாக்காரர்களுக்கு. நமக்கு வடைதான்.

சரி, சிறுகோள் என்றால் என்ன? கோள்கள் உருவானபோது மிஞ்சிய கல், பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிறது. இது பள்ளிப் பாடம், தாண்டுவோம்.

போன வீடியோவின் கீழே பாதிப் பேர் “அண்ணா, இதைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது” என்று கேட்டிருந்தீர்கள். மூன்று சொல்கிறேன், மூன்றுமே ஆங்கிலத்தில்தான். தமிழில் யாராவது எழுதுங்களேன், முதல் பிரதியை நானே வாங்குகிறேன்.

முதலில் வால்டர் ஆல்வாரெஸ் 1997-இல் எழுதிய ‘டி. ரெக்ஸ் அண்ட் தி கிரேட்டர் ஆஃப் டூம்’. இத்தாலியில் குப்பியோ என்கிற ஊருக்குப் பக்கத்தில் பாறை அடுக்குகளுக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு களிமண் படலம், அதில் பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் தாராளமாகவும் இருக்கும் இரிடியம் என்கிற உலோகம் ஏகப்பட்டது. அங்கே பிடித்த நூலை, நோபல் வாங்கிய இயற்பியலாளரான அப்பாவோடும் இன்னும் இருவரோடும் சேர்ந்து, 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் டைனோசர்களை முடித்த மோதல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறார். துப்பறியும் கதை மாதிரி ஓடும். ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டாவது, கேரி நியூஜென்ட்டின் ‘ஆஸ்டிராய்டு ஹன்டர்ஸ்’, 2017. ஒல்லிப் புத்தகம், பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் போகிற ரயிலிலேயே முடித்துவிடலாம்.

மூன்றாவது, ராபின் ஜார்ஜ் ஆண்ட்ரூஸின் ‘ஹவ் டு கில் அன் ஆஸ்டிராய்டு’, 2024. இதை எடுத்தது டார்ட் என்கிற நாசா விண்கலத்துக்காக. மன்னிக்கவும், டார்ட் என்று வந்தால் என் வாய் நிற்காது.

[திரையில்: பினாங்குப் பாலம்]

2022 செப்டம்பர் 26. மைவி காரின் எடையில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஏறக்குறைய 570 கிலோ உள்ள அந்த விண்கலத்தை, 160 மீட்டர் அகலமான டைமார்ஃபோஸ் என்கிற சிறுகோள் மேல் நாசா வேண்டுமென்றே மோத விட்டது. வேகம் விநாடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல். அதாவது நம் 13.5 கிலோமீட்டர் பாலத்தை இரண்டே கால் விநாடியில் கடக்கிற வேகம். (வெள்ளிக்கிழமை மாலையில் முடியாது.) டைமார்ஃபோஸ் இன்னொரு பெரிய சிறுகோளை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒரு தரம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரம் 73 விநாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மாறியது 32 நிமிடம்!

எப்படி? தைப்பூசத்துக்கு ரதம் வரும்போது நம் ஊரில் சிதறுகாய் உடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் முன்வரிசையில் நின்றேன். ஓங்கி அடித்த காய் தாரில் பட்டதும் ஒரு ஓட்டுத்துண்டு திரும்பிப் பறந்து வந்து என் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டது, இளநீர் சட்டை முழுக்க. உடைத்த மாமா “தள்ளி நில்லு தம்பி” என்றார், எல்லாம் முடிந்த பிறகு. அந்தத் துண்டு என் பக்கம் பாய்ந்தால், அதே அளவு உதை எதிர்ப்பக்கமாகச் சாலைக்கும் விழும். சாலை பூமியோடு ஒட்டியிருப்பதால் அசையாது. டைமார்ஃபோஸ் எதோடும் ஒட்டியில்லை, தவிர அது இறுகிய பாறையும் இல்லை, கல்லும் மண்ணும் லேசாகச் சேர்ந்த குவியல். டார்ட் மோதியதும் கல்லும் தூசியுமாகப் பின்பக்கம் பீறிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வால் நீண்டது, அந்தப் பீறலே தனியாக ஒரு தள்ளு தள்ளியது. கலம் மோதியதில் மட்டும் கிடைத்திருக்கக்கூடியதைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்குத் தள்ளல்.

ஆனால் இந்த வித்தை பலிக்க, கல் வருவது பல வருடத்துக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். பூமியின் பக்கம் வருகிற, 140 மீட்டருக்கு மேற்பட்ட கற்களில் பாதியைக்கூட நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்தது வெறும் 20 மீட்டர், சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடியவர்கள் மேல், இரண்டு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியைக் கொட்டியது. காயம்பட்டவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். வானத்தில் பளிச்சென்று எதையாவது பார்த்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள், போனை எடுக்கவும் போகாதீர்கள்.

கடைசியாக நம் பக்கத்துக் கதை. பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கு, 2012-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே ஒரு இடத்தின் பெயர் புக்கிட் புனுஹ், மலாய் தெரிந்தவர்கள் இப்போதே சிரிப்பீர்கள்: கொலைக் குன்று! விண்கல் மோதினால் உண்டாகும் சூவைட் பாறை அங்கே கிடைத்தது, அதற்குள் கற்கோடரி பதிந்திருக்கிறது, வயது 18.3 இலட்சம் வருடம் என்று பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். கோடரியையும் வயதையும் எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. இருந்தாலும் எனக்கு நேரில் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் கேமராவோடு போகிறேன், லெங்கோங்காரர்கள் யாராவது இருந்தால் காலையில் எந்தக் கடையில் ரொட்டி சானாய் நன்றாக இருக்கும் என்று கீழே எழுதி வையுங்கள்.