வீடு பக்கத்தில் இருக்கட்டும், சாவி நம் கையில் இருக்கட்டும்

(மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பு என்பதைப் புதுத் திட்டம்போல் பேசுகிறார்கள். நமக்கா அது புதிது? நம் பாட்டிமார் ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே பால்மரம். ஆனால் அந்த வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் சம்பளத்தையும் கூரையையும் சேர்த்தே இழந்தன. அதை மறந்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்கக்கூடாது.

பினாங்கு நல்ல வழியும் கண்டிருக்கிறது. டாக்டர் லிம் சொங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் திறந்தது. கணினிச் சில்லு தயாரிக்கும் இண்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கேதான் அமைத்தது. அதை ஒட்டியே பாயான் பாரு நகர் எழுந்தது. ஆலைக்கும் அடுப்படிக்கும் தூரம் குறைந்தது. நன்றியோடு சொல்கிறேன், அது தொலைநோக்கு.

அப்புறம் என்ன ஆயிற்று? பாயான் லெப்பாஸ் இருக்கும் பினாங்குத் தீவில் நிலம் கொஞ்சம். வீட்டு விலை ஏறியது. வேலை அங்கேயே நின்றது, வேலைக்காரன் இக்கரைக்கு வந்தான். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில், விடியற்காலை மழையில், மோட்டார் சைக்கிளில் போகிறவர்களைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்துவிட்டுத் திரும்பும் தாய், பிள்ளை தூங்கிய பிறகுதான் வீடு சேர்கிறாள். ஆலைக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் வீடு வேண்டும் என்று நான் கேட்பது அவளுக்காகத்தான்.

ஆனால் எல்லா ஆலைக்கும் பக்கத்தில் அல்ல. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. என்ன கழிவு, என்ன புகை என்று பார்த்துத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும்.

தொழிலாளர் விடுதிகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 446ஆவது சட்டம் இருக்கிறது. 1990இல் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் வைத்து எழுதியது; 2019இல் திருத்தி மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள். நல்லதுதான். ஆனாலும் விடுதிக் கட்டில் வீடாகாது. நிறுவனம் மாறினாலும் குடும்பம் அதே வாசலில் இருக்க வேண்டும். கிரயமோ வாடகையோ, பத்திரம் தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பாலம் 2014இல் திறந்தபின் இக்கரையிலுள்ள பத்து கவானில் ஆலைகள் எழுகின்றன. அங்கே இதைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அது வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.