பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் இருக்கும் இடம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க், டோங்காட் போன்ற ஊர்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளி மதியமே விட்டுவிடுகிறது. பெற்றோர் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. இந்த இடைவேளையில் பிள்ளைகள் ‘ஆஃப்டர்கேர்’ என்று நாம் சொல்லும் இடங்களில் இருக்கிறார்கள். அந்த இடம் ஒரு பெரிய நிலையமாக இருக்கலாம்; பக்கத்துத் தெரு ஆன்ட்டியின் வீட்டுக் கரேஜாக இருக்கலாம்; கோயில் மண்டபமாகவும் இருக்கலாம். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றியபோது இந்த மூன்று வகை இடங்களுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே கண்டவற்றைக் கொண்டே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சிறுவர் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பெற்றோரோடு பேசி ஒப்புக்கொண்டு, ஆறு பிள்ளைகளுக்கு மேல், குறிப்பிட்ட நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளும் எவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் விதி ஒன்றுதான். ஆகவே, ஏழாவது பிள்ளை வாசலில் கால் வைத்த அன்றே, “நான் உதவிக்காகத்தானே செய்கிறேன்” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியாது. தொண்டாகச் சேவை செய்யும் கோயில் குழுவினருக்கும் இது பொருந்தும்.

பாதுகாப்பான சூழல், போதிய இடமும் காற்றோட்டமும், குடிக்கத் தக்க தண்ணீர், தூய்மையான கழிப்பறை, சுத்தமான சமையலிடம், குப்பையை அகற்றும் வழி, நோயுற்ற பிள்ளையைக் கவனிக்கும் முறை, கேடு விளைவிக்கும் பொருள்களைப் பூட்டி வைத்தல், வயதுவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைத்தல், அவசர காலத் திட்டம் ஆகியவற்றைச் சட்டம் கேட்கிறது. இவற்றில் பலவற்றை நம் மக்கள் நன்றாகவே செய்கிறார்கள். சமையலறையைப் பளிச்சென்று வைத்திருப்பதில் நம் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் கவலைப்படுவது வேறு இடங்களைப் பற்றி.

கதவுகளை எடுத்துக்கொள்வோம். திருட்டுக்கும் தாக்குதலுக்கும் அஞ்சி ஒவ்வொரு சன்னலுக்கும் பர்க்ளர் பார் என்னும் இரும்புக் கம்பி, ஒவ்வொரு வாசலுக்கும் இரும்புக் கேட், அதன் மேல் பூட்டு என்று வாழ்கிறோம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் சமையலறையில் கேஸ் சிலிண்டர் தீப்பற்றினால், பதினைந்து பிள்ளைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள்? ஒரு வீட்டில் பின்கதவுக்கு இரண்டு பூட்டுகள் இருந்தன; சாவிக்கொத்து வீட்டுக்கார அம்மாவின் கைப்பைக்குள், கைப்பை படுக்கையறை அலமாரிக்குள். முன்வாசலில் மின்கேட். மின்வெட்டு வந்தால் அதைக் கையால் திறக்கத் தெரிந்தவர் அவருடைய மகன் மட்டுமே. அவரோ அந்நேரம் வேலையில் இருப்பார். அந்தச் சுவரில் தீயணைப்புக் கருவியும் தொங்கிக்கொண்டிருந்தது, பதிவுச் சான்றிதழும் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே போகும் வழிதான் இல்லை. சாவி ஒவ்வொரு கதவின் அருகிலேயே, பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில், வெளியிலிருந்து கைநீட்டி எடுக்க முடியாதபடி ஓர் ஆணியில் தொங்க வேண்டும். பிள்ளைகளை மாதம் ஒருமுறையாவது வரிசையாக வெளியே அழைத்து வந்து எண்ணிப் பார்க்க வேண்டும். கருவி வாங்குவதைவிட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது நஞ்சு. 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த சொவேட்டோவின் நலேடி பகுதியில் ஆறு குழந்தைகள் டெர்புஃபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியால் இறந்தார்கள். பயிருக்கு மட்டுமே என்று அனுமதிக்கப்பட்டிருந்த அந்த மருந்து, எலி மருந்தாகத் தெருவில் கள்ளத்தனமாக விற்கப்படுகிறது. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் ராமபோசா, குடியிருப்புப் பகுதிகளில் தின்பண்டமும் மளிகையும் விற்கும் சிறு கடைகளான ஸ்பாசா கடைகள் அனைத்தும் 21 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். ஆனால் அந்த மருந்து கடைக்கு மட்டுமா வருகிறது? எலித் தொல்லை உள்ள எந்த வீட்டுக்கும், எந்த மண்டபத்துக்கும் வரக்கூடும். தெருவில் பொட்டலமாக விற்கும் எலி மருந்தை ஆஃப்டர்கேர் நடக்கும் இடத்துக்குள் அனுமதிக்கவே கூடாது. பாரஃபின் என்னும் மண்ணெண்ணெயைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

கோயில் மண்டபங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோருக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். கற்பூர வில்லை, சிறு பிள்ளையின் கண்ணுக்கு மிட்டாய்தான். அதை விழுங்கிய பிள்ளைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். கற்பூரமோ பாரஃபினோ உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 10177 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், கைபேசியிலிருந்து 112. பூசைப் பொருள்களுக்கு ஒரு பூட்டிய அலமாரி போதும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட்டில் குழாய் மாதக்கணக்கில் வறண்டு கிடந்ததை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூடியுள்ள தொட்டியில் தண்ணீர் சேமித்து வையுங்கள். கை கழுவும் தண்ணீரையும் குடிக்கும் தண்ணீரையும் ஒரே வாளியில் வைக்காதீர்கள். பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவரும் வண்டியையும் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூலிக்கு ‘பாக்கி’ எனப்படும் சிறு சரக்கு வண்டியின் பின்பகுதியில் ஏற்றுவது 2017 மே 11 முதல் சட்டப்படி குற்றம்.

இனி, நாம் பேசத் தயங்கும் ஒன்று. பிள்ளைகளோடு வேலை செய்ய ஒருவரைச் சேர்க்கும் முன், தேசியச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியலில், அவர் பெயர் இருக்கிறதா என்று விசாரித்தாக வேண்டும். “தெரிந்த குடும்பத்துப் பையன்”, “நம் கோயில் ஆள்” என்ற சொல் அந்த விசாரணைக்கு ஈடாகாது. ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான காரணத்தோடு கருதினால், அங்கே வேலை செய்பவர் அதை உரிய அதிகாரிக்குச் சொல்லியே ஆக வேண்டும். இது சிறுவர் சட்டத்தின் 110ஆம் பிரிவு. குடும்ப மானம் போய்விடும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி மூடிவிடுவது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

பதிவு செய்யாமல் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது, அதிகாரி வந்தால் இடத்தை மூடிவிடுவார் என்றுதான். சட்டம் அப்படி மட்டும் எழுதப்படவில்லை. எல்லாத் தகுதிகளும் இன்னும் கைகூடாத இடத்துக்கு நிபந்தனையோடு பதிவு தரவும் அதில் வழி இருக்கிறது. இடத்தின் வரைபடம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வேலை செய்வோர் விவரம் ஆகியவற்றோடு உங்கள் பகுதிச் சுற்றுப்புறச் சுகாதார அலுவலகத்துக்குப் போய், ஆய்வுக்கு நீங்களே அழையுங்கள்.