பலப்பம் பிடிப்பதற்கு முன்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பியதும் கையில் பலப்பத்தைக் கொடுத்து 'அ' எழுத வைத்துவிட வேண்டும் என்று நம் வேலூர்ப் பகுதிப் பெற்றோர் துடிப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அந்த ஆர்வம் மதிக்கத்தக்கது. ஆயினும் எழுத்தறிவுக்கு முதல் வாசல் குழந்தையின் காதுதான் என்பதை இன்று வலியுறுத்த விரும்புகிறேன்.

குடியாத்தத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாயும் பாட்டியும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். நனைத்து வைத்த இலையைக் கத்தரியால் வெட்டுவதும், தூளை இட்டுச் சுருட்டி நூலால் கட்டுவதுமாக அவர்கள் கைகளுக்கு ஓய்வே கிடையாது. வாய் சும்மாதானே இருக்கிறது? பாட்டி காக்கை, நரி கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, காக்கை வாயைத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்கிறார். "வடை விழுந்துடுச்சி" என்கிறாள் நான்கு வயதுப் பேத்தி. "யாரு எடுத்துகினு போனது? காக்கா ஏன் வாயத் திறந்துச்சி?" என்று பாட்டி விடாமல் கேட்க, நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லவும் காரணத்தோடு பேசவும் அக்குழந்தை பழகிவிடுகிறாள். புகையிலைத் தூள் பிஞ்சு மூச்சுக்கு ஆகாது. பிள்ளையைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்க வேண்டும் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன்.

படக்கதை படிக்கும்போது பெரியவர் தாமே வாசித்து முடித்துவிடாமல், கேள்வி கேட்டு, குழந்தையின் விடையைச் சற்று நீட்டிச் சொல்லும் முறையை ஒரே மாதம் வீட்டில் கடைப்பிடித்ததில் குழந்தைகளின் பேச்சுத்திறன் வளர்ந்ததாக 1988-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் பாட்டிமார் செய்வதும் ஏறக்குறைய அதுதான். 25 பீடி கொண்ட கட்டுகளை எண்ணித் தாய் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கும்போது, அதில் எழுதியிருப்பதற்கும் வீட்டுக்கு வரும் கூலிக்கும் தொடர்பு உண்டு என்பதையும் அப்பிள்ளை கண்டுகொள்கிறாள்.

கதை சொல்வதோடு, புத்தகத்தை உரக்கப் படிப்பதும் தேவை. 'வந்துகினு இருக்கான்' என்று கேட்டு வளரும் நம் ஊர்க் குழந்தை, பாடநூலில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதைப் பார்த்துத் திகைக்கிறது. அந்த எழுத்துநடை முன்பே காதில் விழுந்திருந்தால் வகுப்பில் அந்தத் திகைப்பு பெருமளவு குறையும். ஆகவேதான் காது, காது என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேன்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் உருது பேசும் வீடுகளும், ஆந்திர எல்லையை ஒட்டித் தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. பள்ளிக்காக அம்மொழிகளை நிறுத்திவிடாதீர்கள். எந்த மொழியில் கேட்டாலும் கதையறிவு கதையறிவுதான்.

நேரம் நெருங்கிவிட்டது. அங்கன்வாடியைப் பற்றியும் கைபேசியைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பிள்ளையை அழைத்துவரப் போகும்போது அன்று என்ன பாட்டு என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு, அதையே இரவில் வீட்டில் பாடுங்கள். கைபேசியில் கதை ஓடினால் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவே நிறுத்தி, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.